மூன்று நாள் தவணை

கரிக்கு மதம் உண்டா? வெட்டியெடுத்தவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான், விற்பவன் எந்த வேதத்தைப் படிக்கிறான் என்று விசாரித்துக்கொண்டா கரி எரிகிறது? அடுப்பிலே போட்டால் எரியும், அனல் தரும், சாம்பலாகும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால், இலண்டன் மாநகரிலே ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு முன்பு ரொட்டிக்கடைக்கார அம்மையார் ஒருவருக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. பொல்லாதவர் அல்லர், நல்ல மனம் படைத்த அம்மையார்தான். தரகுக்குக் கரி விற்க வந்த இளைஞன் ஒருவனிடம் வாடிக்கையாகக் கரி வாங்கி வந்தார். அந்தப் பையனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையாம் என்ற சேதி ஒருநாள் அவர் காதிலே விழுந்தது. தீர்ந்தது வியாபாரம்! நாத்திகன் விற்ற கரியிலே சுட்டால் ரொட்டியிலே நரகத்துக் கந்தக நெடி ஏறிவிடும் என்று அஞ்சினார் அந்த அம்மையார்.

நாம் சிரிக்கிறோம். அந்தப் பையன் சிரிக்கவில்லை. அவனுடைய வியாபாரத்திலே பெரும்பகுதி அந்த ஒரு கடைதான். அன்றைய சோறு அதிலேதான் இருந்தது. அவனுக்கு அது முதல் அனுபவமும் அல்ல. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், மதத்தைக் காரணம் காட்டி ஒரு வேலை அவன் கையைவிட்டுப் போயிருந்தது.

அவன்தான் சார்லஸ் பிராட்லா. பின்னாளில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தையே ஆறு ஆண்டுக்காலம் ஆட்டிவைத்த பிராட்லா. அவர் பெயர் நமது மேடைகளுக்குப் புதிதன்று. ஆனால், பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிற அளவுக்கு வாழ்க்கையைச் சொல்கிறோமா? சொல்வதில்லை. வேலைக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி இன்றும் பல நாடுகளின் சட்டப் புத்தகங்களிலே தீராத கணக்காகக் கிடப்பதால், அந்த வாழ்க்கையை உழைக்கும் தோழர்களிடம் சொல்வது நமது கடமை என்று கருதுகிறோம்.

கிழக்கு இலண்டனிலே ஹாக்ஸ்டன் என்ற ஏழைப் பகுதி. அங்கே 1833 செப்டம்பர் 26 அன்று பிறந்தவர் பிராட்லா. தந்தை ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பையனுக்கு 11 வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. முதலில் எடுபிடிப் பையன், பிறகு 14 வயதிலே ஒரு கரி வியாபாரியிடம் கணக்கும் காசும் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளிலே மாதா கோயிலில் சிறுவர்களுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பான். பிறவி நாத்திகன் அல்லன்! பக்தியிலே ஊறிய பையன், பாதிரியாருக்குப் பிரியமான பையன்.

பாக்கர் என்பது அந்தப் பாதிரியாரின் பெயர். இலண்டன் பிஷப் வரப்போகிறார், நீ நன்றாகப் படித்துத் தயாராக இரு என்று அவர் பையனுக்குச் சொல்லிவைத்தார். அதுதான் அவர் செய்த பிழை. பையன் உண்மையாகவே படித்துவிட்டான்! இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஒரு பக்கமும் நான்கு சுவிசேஷங்களை மறுபக்கமும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தான். ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அடக்கமாக ஒரு கடிதம் எழுதி, எனக்கு விளங்கவில்லை, விளக்கவேண்டும் என்று பாதிரியாரையே கேட்டான். விளக்கம் வரவில்லை, வந்தது தண்டனை. இவை நாத்திகக் கேள்விகள் என்று தந்தைக்குத் தாக்கீது போயிற்று. வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் பணியிலிருந்து மூன்று மாதம் விலக்கிவைத்தார்கள். கேள்வி கேட்டவனை நாத்திகன் என்றார்கள், கேட்டுக்கேட்டு அவன் நாத்திகனாகவே ஆனான். பாக்கர் பாதிரியார் அளவுக்குப் பகுத்தறிவு இயக்கத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர் அந்தக் காலத்தில் வேறு எவரும் இருந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளிலே வேலை இல்லை. பையன் போனர் திடலுக்குப் போனான். அங்கே மரத்தடிகளிலே சுயசிந்தனையாளர்கள் கூடி வாதாடுவார்கள். போகும்போது வேதத்தின் பக்கம் நின்று வாதாடினான். திரும்பும்போது சந்தேகங்களோடு திரும்பினான். இது பாதிரியார் காதுக்கு எட்டியது. அவர் அடுத்து அடித்த அடியைத்தான் தோழர்கள் கவனிக்கவேண்டும். வாதத்தால் அடிக்கவில்லை, வயிற்றிலே அடித்தார். அவரது தூண்டுதலால், கரி வியாபாரியின் சம்மதத்தோடு, தந்தையின் வாயிலாகப் பையனுக்கு ஒரு கெடு வந்தது. மூன்று நாள் தவணை. அதற்குள் கருத்தை மாற்றிக்கொண்டால் வேலை உண்டு, மாற்றிக்கொள்ளாவிட்டால் வேலை இல்லை.

கணக்கிலே தவறு கண்டார்களா? கல்லாவிலே காசு குறைந்ததா? காலையிலே தாமதமாக வந்தானா? ஒன்றுமில்லை. வேலையிலே குறை ஏதும் சொல்லப்படவில்லை. அவன் மூளைக்குள்ளே இருந்த ஒரு கருத்துதான் குற்றம். அதற்குத் தண்டனை, மாதச் சம்பளம். அது வெறும் மிரட்டலாகவே இருந்திருக்கலாம் என்று பிராட்லாவே பிற்காலத்தில் எண்ணியதுண்டு. இருக்கட்டும். பதினாறு வயதுக்காரன் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் வேலையையும் வீட்டையும் ஒருசேரத் துறந்து வெளியேறினான்.

புகலிடம் தந்தவர் எலிசா ஷார்ப்பில்ஸ் அம்மையார். அச்சுரிமைக்காக ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலே கிடந்த ரிச்சர்டு கார்லைலின் வாழ்க்கைத் துணைவியாக இருந்தவர். அவரே வறுமையிலே வாடியவர், எனினும் இருந்த இடத்திலே தம் பிள்ளைகளோடு ஒருவனாக இந்தப் பையனையும் வைத்துக்கொண்டார். அங்கிருந்தபடிதான் கரித்தரகு, ரொட்டிக்கடை, கந்தக நெடி! கரி போனபின் கால்சட்டைக்குப் போடும் தோள்வார்களை விற்றுப் பார்த்தான். அதுவும் ஓடவில்லை. 1850 இல் 17 வயதிலே முதல் துண்டுப்பிரசுரம் வெளிவந்தது. அதை யாருக்குக் காணிக்கையாக்கினான் என்கிறீர்கள்? பாக்கர் பாதிரியாருக்கு!

பிரசுரம் பசியாற்றுமா? நாலே முக்கால் பவுன் கடன். தோழர்கள் இரக்கப்பட்டு அவனுக்காகச் சந்தா வசூலிக்க முன்வந்தார்கள். அந்த உதவிதான் அவனைச் சுட்டது. நாம் இவ்வளவு தாழ்ந்துவிட்டோமா என்று மானம் உறுத்த, பட்டாளத்திலே சேர்ந்துவிட்டான். இந்தியாவுக்கு அனுப்புவார்கள், நாலு காசு சேர்க்கலாம் என்பது எண்ணம். அனுப்பியதோ அயர்லாந்துக்கு. குடியானவர்களின் குடிசைகளைப் பிரித்தெறியும் அதிகாரிகளுக்குக் காவலாகத் துப்பாக்கியோடு நிற்கும் வேலை. ஏழையின் வீடு இடிக்கப்படும்போது சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பதை அங்கே கண்ணாலே கண்டார். 1853 இல் உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகையைக் கட்டி விடுதலை பெற்று இலண்டன் திரும்பினார்.

மறுபடி வேலை தேடும் படலம். வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா வேலை கிடைத்தது. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பகலிலே குமாஸ்தா, இரவிலே மேடைப் பேச்சாளர். நாத்திகரை வேலைக்கு வைத்திருக்கிறார் என்று முதலாளியின் பெயர் கெடக்கூடாதல்லவா? எனவே மேடைக்கும் எழுத்துக்கும் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். சிலை உடைப்போன் என்ற பொருள்படும் பெயர். திருடனும் மோசக்காரனும் வேற்றுப்பெயர் வைத்துக்கொள்வது உலக வழக்கம். மனத்தில் பட்டதைப் பேசியவன் வைத்துக்கொள்ளவேண்டி வந்ததே, அந்தக் காலத்து வேலைச்சந்தையின் இலட்சணம் அதுதான்.

ஆறடிக்கு மேற்பட்ட உருவம், வெண்கலக் குரல். ஊர் ஊராகச் சென்று பேசினார். நேஷனல் ரிபார்மர் பத்திரிகையின் ஆசிரியரானார். 1866 இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தைத் தொடங்கினார். பத்திரிகையின் மீது சர்க்கார் வழக்குப் போட்டது, வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார். இன்னொரு வழக்கிலே, தமக்கு வரவேண்டிய பணத்துக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறினால், கடவுள் நம்பிக்கை இல்லாதவனின் சாட்சியம் செல்லாது என்றார்கள்! பணம் ஏமாற்றியவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பிராட்லா விடவில்லை. 1869 இலும் 1870 இலும் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, நம்பிக்கையற்றவரும் உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்லலாம் என்றாயிற்று. 1877 இல் கருத்தடை பற்றிய ஒரு நூலை வெளியிட்டதற்காக அவருக்கும் அன்னிபெசண்ட் அம்மையாருக்கும் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டிலே அது விழுந்தது. ஆம், அதே அன்னிபெசண்ட் அம்மையார்தான்! பின்னாளில் அடையாற்றிலே ஞானசபை நடத்தியவரேதான். ஒரு காலத்தில் பிராட்லாவின் வலது கையாக இருந்தவர். காலம் மனிதரை எங்கெங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது!

இனி, நார்தாம்டன். செருப்புத் தைக்கும் தொழிலாளர் நிறைந்த ஊர். 1868 இல் அங்கே தேர்தலுக்கு நின்றார், தோற்றார். 1874 இல் இருமுறை நின்றார், இருமுறையும் தோற்றார். 1880 இல் நின்றார், வென்றார். தோல் தைக்கும் கைகள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. பாராளுமன்ற வாசலிலே வேதப்புத்தகம் குறுக்கே நின்றது.

உறுப்பினர் ஆசனத்தில் அமர வேண்டுமானால் கடவுள் பெயரால் ஆணையிட வேண்டும் என்பது விதி. விதிக்கு விலக்குகளும் இருந்தன. அந்த விலக்குகளின் வரலாறுதான் வேடிக்கை. கத்தோலிக்கருக்கு 1829 இலே கதவு திறந்தார்கள். ஆணையிடுவதே பாவம் என்று கருதும் குவேக்கர் வகுப்பாருக்கு 1833 முதல் உறுதிமொழி போதும் என்றார்கள். யூதர் தமக்கேற்ற முறையிலே ஆணையிட 1858 இலே வழி செய்தார்கள். ஒவ்வொரு மதமாக வந்து தட்டத் தட்ட, அந்தந்த மதத்துக்கு அளவெடுத்து ஒரு சிறு கதவு வெட்டினார்கள். மதமே இல்லாதவன் வந்தபோது சுவரைத்தான் காட்டினார்கள்! விலக்கு என்பது மனச்சாட்சிக்குத் தரப்பட்ட மரியாதையானால், பிராட்லாவுக்கு மனச்சாட்சி இல்லையா? பக்தனுக்குத் தந்த சலுகையானால், அதற்குச் சமநீதி என்று பெயர் சூட்டலாமா?

1880 மே 3 அன்று, உறுதிமொழி கூற அனுமதி வேண்டும் என்று கேட்டார். ஆராய்ந்த குழுவிலே ஒரே ஒரு வாக்கில் மறுக்கப்பட்டது. சரி, சட்டம் கேட்கிற ஆணையையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நாத்திகன் ஆணையிட்டால் ஆணை செல்லாது என்று அதையும் தடுத்தார்கள். உறுதிமொழியும் கூடாது, ஆணையும் கூடாது! ஆணையிட ஒப்புக்கொண்டதற்காகச் சுயசிந்தனையாளரிலேயே சிலர் அவர்மீது குறை கூறினார்கள். நாம் அந்தக் குறையைக் கூறத் தயாராயில்லை. அவர் நின்றது தமது வைராக்கியத்தை விளம்பரம் செய்வதற்காக அல்ல, நார்தாம்டன் தொழிலாளியின் வாக்குக்கு மதிப்புத் தேடுவதற்காக.

ஜூன் 22 அன்று 275க்கு 230 என்ற கணக்கிலே சபை அவருக்கு எதிராகத் தீர்மானித்தது. மறுநாள் சபையை விட்டு வெளியேற மறுத்தார். பிடித்து மணிக்கூண்டுக் கோபுரத்திலே அடைத்தார்கள். பிறகு, துணிந்து உறுதிமொழி கூறி உட்காரட்டும், வருவதை அவரே ஏற்கட்டும் என்று ஜூலையிலே விட்டார்கள். உட்கார்ந்தார், வாக்களித்தார். உடனே வழக்கு! ஆணையிடாமல் அளித்த ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் அபராதம் என்று கேட்டது அந்த வழக்கு. முன்னே நின்றவர் யாரோ ஒருவர். பின்னே நின்று பணம் போட்டவர் நியூடிகேட் என்ற பாராளுமன்ற உறுப்பினர். பிராட்லாவைக் கடனிலே மூழ்கடித்துவிட்டால் போதும் என்பது திட்டம். 1881 இல் ஆசனம் காலியாயிற்று. நார்தாம்டன் மறுபடியும் அவரையே அனுப்பியது.

1881 ஆகஸ்டு 3. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வெளியே திரண்டு நிற்கிறார்கள். எது நடந்தாலும் கை ஓங்கக்கூடாது என்று அவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் தனியே உள்ளே போனார். வாசலிலே தடுத்தார்கள். பத்துப்பேருக்குக் குறையாத காவலரும் சேவகரும் சேர்ந்து அந்தப் பெரிய உருவத்தைப் படிக்கட்டுகள் வழியே இழுத்துக் கொண்டுவந்து வெளியே தள்ளினார்கள். சட்டை கிழிந்தது, மூச்சு முட்டியது, முகம் வெளுத்தது. ஒரு சைகை செய்திருந்தால் போதும், அன்று அந்த வாசலிலே என்ன நடந்திருக்குமோ! சைகை செய்யவில்லை அவர்.

1882 இல் தாமே புத்தகத்தை எடுத்து ஆணையிட்டுக்கொண்டார். நீக்கினார்கள். நார்தாம்டன் மீண்டும் அனுப்பியது. 1883 மே மாதம் கிளாட்ஸ்டன் சர்க்கார் ஓர் உறுதிமொழி மசோதாவைக் கொண்டுவந்தது. பக்திமானான கிளாட்ஸ்டன், நாத்திகரின் உரிமைக்காக அருமையாகப் பேசினார். 292க்கு 289. மூன்றே வாக்குகளில் மசோதா தோற்றது. 1884 இல் மறுபடியும் அதே கதை, மறுபடியும் அதே நார்தாம்டன். கத்தோலிக்கரின் தலைவரான கார்டினல் மானிங்கும் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரும் ஒருவருக்கொருவர் எத்தனை தூரம்? இந்த ஒருவரைத் தடுப்பதிலே மட்டும் ஒரே வரிசை! 1885 பொதுத்தேர்தலிலும் சேர்த்து ஐந்து முறை அந்தச் செருப்புத் தொழிலாளர் ஒரே பெயரைச் சொன்னார்கள். 1886 ஜனவரி 13 அன்று புதிய சபாநாயகர் பீல், உறுப்பினர் ஆணையிடும்போது குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை என்று கூறிவிட்டார். ஆறாவது ஆண்டிலே பிராட்லா உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? கூலிக்குப் பதிலாகப் பண்டத்தைத் தலையிலே கட்டும் முதலாளிகளுக்கு எதிராக 1887 இல் சட்டம் வரச்செய்தார். 1888 இல் ஆணைச் சட்டம் அவர் முயற்சியால் நிறைவேறியது. மத நம்பிக்கை இல்லாதவரும், ஆணையிடுவது தம் மதத்துக்கு விரோதம் என்பவரும், சட்டம் ஆணை கேட்கிற எந்த இடத்திலும் உறுதிமொழி கூறலாம். பாராளுமன்றம் மட்டுமல்ல, எல்லா இடத்திலும், எல்லாருக்கும். இன்று நமது சட்டமன்றத்திலே தோழர்கள் கடவுளை அழைக்காமல் உளமார உறுதி கூறிப் பதவி ஏற்கிறார்களே, அந்த உறுதிமொழியின் முன்னோடி அந்தச் சட்டம். அதற்காக அவர் சொன்னதையெல்லாம் நாம் ஏற்பதில்லை. எட்டு மணி நேர வேலை என்று சட்டம் போடுவதை அவர் எதிர்த்தார். சமதர்மத்தை எதிர்த்து மேடையேறி வாதாடினார். தனிமனிதன் தானே போராடிக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. தனியாகவே நின்று போராடிய மனிதருக்கு அப்படித் தோன்றியது போலும்.

அவர் சட்டத்தோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. ஆணை போயிற்று, கரிக்கடைக் கெடு போகவில்லை. மதத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்ற விதி பிரிட்டன் முழுவதற்கும் வந்தது 2003 இலேதான். 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் நம்பிக்கையையும் நம்பிக்கை இன்மையையும் ஒருங்கே காப்பாற்றுகிறது. கேட்க இனிக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டினால், மத நெறியிலே நடக்கும் நிறுவனங்கள், வேலைக்கு அவசியம் என்று காட்டினால், தம் மதத்தவரையே கேட்கலாம் என்கிறது. பூசை செய்ய ஒருவர் வேண்டும், அவர் அந்த மதத்தவராகத்தான் இருக்கவேண்டும் என்றால் நாம் குறுக்கே நிற்கப் போவதில்லை. பிராட்லா கேட்டது பாதிரியார் வேலையை அல்ல. அவர் இழந்தது கரிக்கடையிலே கணக்கெழுதும் வேலை!

பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் திருச்சபைகள் நடத்தும் ஒருவகை உதவிபெறும் பள்ளிகளிலே, ஆசிரியரின் சம்பளம் பொதுப்பணத்திலிருந்து போகிறது. ஆனால் நியமனத்திலும் பதவி உயர்விலும் மதத்தைப் பார்த்து முன்னுரிமை தரலாம் என்று 1998 ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தின் 60 ஆவது பிரிவு அனுமதிக்கிறது. வேதபாட ஆசிரியருக்கு மட்டுமல்ல, கணக்கு ஆசிரியருக்கும்தான். ஏழும் எட்டும் பதினைந்து என்று சொல்ல எந்த ஞானஸ்நானம் வேண்டும்? வரி கட்டும்போது மதம் கேட்பதில்லை, வரிப்பணத்திலே சம்பளம் கொடுக்கும்போது மட்டும் கேட்கலாமாம். வட அயர்லாந்திலே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்று வேலைகள் பிளவுபட்டுக் கிடந்ததைத் தீர்க்க 1976 இல் சட்டம் வந்தபோதும், ஆசிரியர்களுக்கு அது பொருந்தாது என்று ஒதுக்கிவைத்தார்கள். அந்த விலக்கை நீக்க அவர்களுக்கு 2022 வரை ஆயிற்று. பிராட்லா தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது. இந்த விலக்குகளைச் சுருக்கவேண்டும் என்று இன்றும் வாதாடுகிறது.

கடைசி ஆண்டுகளிலே அவர் மனம் இந்தியாவின் பக்கம் திரும்பியது. இந்தியாவுக்கான உறுப்பினர் என்றே அவரை அழைத்தார்கள். சென்னையிலே அவருடைய கருத்துகள் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன. இலௌகிகச் சங்கத்தார் 1882 முதல் 1888 வரை தத்துவ விவேசினி என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார்கள் என்பதைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். 1889 இல் கடும் நோயிலிருந்து எழுந்த பிராட்லா, கப்பலேறி வந்து டிசம்பரிலே பம்பாய்க் காங்கிரசில் கலந்துகொண்டார். 17 வயதிலே பட்டாளத்துக்காரனாக வர நினைத்த நாட்டுக்கு, 56 வயதிலே விருந்தினராக வந்தார்.

உடம்பு தேறவில்லை. 1891 ஜனவரியிலே படுத்துவிட்டார். அந்த மாதம் 27 ஆம் நாள், காமன்ஸ் சபையிலே ஒரு தீர்மானம் வந்தது. 1880 ஜூனிலே பிராட்லாவுக்கு எதிராகச் செய்த தீர்மானத்தைச் சபைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட வேண்டும் என்பது அது. நிறைவேறியது. அவர் நினைவிழந்து கிடந்தார். சேதியைச் சொன்னாலும் கேட்கும் நிலையில் இல்லை. 30 ஆம் நாள் காலமானார்.

புரூக்வுட் இடுகாட்டிலே அடக்கம். சடங்கு இல்லை, செபம் இல்லை, சொற்பொழிவும் இல்லை. நார்தாம்டனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 3,000 பேர் வந்து, பேசாமல் நின்று, மண்ணைப் போட்டார்கள். இலண்டனிலே படித்துக்கொண்டிருந்த இந்தியர்களும் திரளாகப் போயிருந்தார்கள். அவர்களிலே சட்டம் படிக்க வந்த 21 வயது இளைஞர் ஒருவரும் நின்றார். மோகன்தாஸ் காந்தி என்று பெயர். பெரிய பக்திமான்.